கேட்டுக்கு வெளியே நின்ற வெள்ளைக் கார்

ராயக்கோட்டை சாலையில் உத்தனப்பள்ளியைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போனால் இடது கைப் பக்கம் ஒரு மண் பாதை பிரியும். தக்காளித் தோட்டங்களுக்கு நடுவில் நெளிந்து போய், ஒரே ஒரு வீட்டின் முன்னால் அது முடிந்துவிடும். அதற்கப்பால் வரப்புதான். அந்தப் பாதையில் ஒரு வண்டி திரும்பினால் அது அந்த வீட்டுக்குத்தான் வருகிறது என்று அர்த்தம்.

அந்த வீட்டுக்கு ராஜலட்சுமி குடிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. விளாத்திகுளம் பக்கத்துக்காரி. புருஷன் சுடலைமுத்துவுக்கு ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. அவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில். முதலில் ஓசூர் டவுனுக்குள்தான் இருந்தார்கள். அங்கே லாரிப் புழுதியில் எட்டு வயது மகள் தர்ஷினிக்கு இழுப்பு விடவே இல்லை என்று இந்தத் தோட்டத்து வீட்டைப் பிடித்து வந்தார்கள். வந்த பிறகு பிள்ளைக்கு மூச்சு சரியாகிவிட்டது. ராஜலட்சுமிக்குத்தான் கொஞ்ச நாள் தூக்கம் வரவில்லை. கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் இல்லாத வீட்டில் அவள் அதுவரை இருந்ததில்லை.

நாளாக ஆக வண்டிச் சத்தங்கள் பழகின. வீட்டுக்காரர் கோவிந்தப்பனின் மொபெட் வரும்போது படபடவென்று அடித்துக்கொண்டு வரும். சிலிண்டர் ஆட்டோ மேட்டில் ஏறும்போது இருமும். பள்ளி வேன் திருப்பத்திலேயே ஹாரன் அடிக்கும். கண்ணை மூடிக்கொண்டே வருவது இன்னார் என்று சொல்கிற அளவுக்கு அவளுக்குப் பழகிவிட்டது.

அந்தப் புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. தர்ஷினிக்குக் காலாண்டு லீவு. சுடலைமுத்து பகல் ஷிப்டுக்குப் போயிருந்தான். மத்தியானம் மூன்று மணி இருக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்து, பிள்ளைக்குச் சோறு போட்டு, தனக்குத் தட்டு எடுத்து வைத்த நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

இது அவளுக்குத் தெரிந்த எந்த வண்டியும் இல்லை. மண் பாதையில் யாரும் வராத வேகத்தில் ஏதோ வந்துகொண்டிருந்தது. அடித்தட்டு கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டும் வேகம் குறையவில்லை.

ராஜலட்சுமி தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து போய் முதலில் வராந்தா கிரில் கேட்டை இழுத்துப் பூட்டினாள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகுதான் ஜன்னல் திரையை விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தாள். வெள்ளைக் கார். கர்நாடகா நம்பர். புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அவள் இவ்வளவு உஷாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில், கேஸ் அடுப்பைச் சோதிக்க வந்திருக்கிறோம் என்று வண்டியில் வந்த இரண்டு பேர், தனியாக இருந்த ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அன்றைக்கே சுடலைமுத்து அவளை உட்காரவைத்துச் சொல்லியிருந்தான். "தெரியாத வண்டி வந்தா கேட்டத் தெறக்காத. ஜன்னல் வழியாப் பேசு. நான் வீட்டுலதான் இருக்கேன்னு சொல்லு. மொதல்ல காவேரி அக்காவுக்குப் போன் போடு. எனக்கு அடிச்சுப் பிரயோஜனம் இல்ல, கம்பெனில போன லாக்கர்ல வச்சிட்டுத்தான் உள்ளயே விடுவாவ."

அது போதாதென்று, ஒரு வாரமாகக் கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் மூச்சிரைக்கப் பேசியிருந்தாள். பிள்ளை பிடிக்கிற கும்பல் கர்நாடகாவிலிருந்து காரில் வந்திருக்கிறதாம், ராயக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் திரிகிறதாம். ராஜலட்சுமி அதை நம்பினாள் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று தடவை கேட்டிருந்தாள்.

காரிலிருந்து ஓர் ஆள் குதித்து இறங்கினான். முப்பது வயது இருக்கும். சட்டை முன்பக்கம் முழுக்க ஏதோ ஈரம். ஓடி வந்து கிரில் கேட்டைப் பிடித்து உலுக்கினான்.

"டாக்டரே! டாக்டரே! கேட்டு தெகீரி!"

பூட்டு கம்பியில் மோதிக் கடகடவென்று சத்தம் போட்டது. இந்தத் தோட்டத்துக்குள் டாக்டர் எங்கிருந்து வந்தார்? கதவைத் திறக்கவைக்க எதையாவது சொல்கிறான் என்று தோன்றியது. போனை எடுத்து, திரை இடுக்கு வழியாகக் காரின் நம்பர் தெரியும்படி ஒரு படம் பிடித்தாள். முதல் படம் கலங்கிப் போனது. இரண்டாவது சரியாக விழுந்தது.

"யாரு நீங்க? என்ன வேணும்?" என்று ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். "எங்க வீட்டுக்காரரு உள்ள தூங்குதாரு! எழுப்பட்டா?"

அவனுக்குத் தமிழ் புரியவில்லை போலிருந்தது. கன்னடத்தில் மடமடவென்று கொட்டினான். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்து தர்ஷினி அடுத்த ஜன்னல் திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டாள். அந்த ஆள் அவளைப் பார்த்தான். அவளைக் காட்டினான், காரைக் காட்டினான், மறுபடியும் அவளைக் காட்டினான்.

"மகு! மகு!"

அந்த ஒரு வார்த்தை ராஜலட்சுமிக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வருகிற ஆனேக்கல் பெண் வாய் ஓயாமல் தன் மகுவைப் பற்றித்தான் பேசுவாள். மகு என்றால் குழந்தை.

பாய்ந்து போய் மகளை இழுத்தாள். நடு அறையில் கொண்டுபோய் உட்காரவைத்து, "நான் வந்து கூப்பிடுத வரைக்கும் அசையக் கூடாது, என்ன?" என்றாள். தர்ஷினி முகம் வெளுத்துத் தலையாட்டினாள். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் காவேரிக்குப் போன் அடித்தாள்.

காவேரி கோவிந்தப்பனின் மனைவி. மண் பாதை தொடங்குகிற இடத்தில், சாலை ஓரத்தில் அவர்கள் வீடு. பக்கத்திலேயே தக்காளி தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற கொட்டகை. அந்த நேரத்துக்கு அங்கே பத்துப் பேராவது இருப்பார்கள்.

"அக்கா, ஒரு காரு வந்து நிக்கி. கர்நாடகா வண்டி. கேட்டப் போட்டு உலுக்குதான். பிள்ளயக் காட்டி என்னமோ கேக்கான். பிள்ள பிடிக்கிறவன் மாதிரி இருக்குக்கா!"

"என்னாது?" காவேரியின் கைகளில் தக்காளிச் சாறு, போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். "நீ கதவத் தெறக்காத ராஜி. அங்கியே இரு. தோ வரன்."

போன் துண்டிக்கப்படுவதற்கு முன்னால் கொட்டகையில் யாரோ ஓர் ஆண் குரல் "டேய், புள்ள புடிக்கிறவனாம்டா!" என்று கத்தியது ராஜலட்சுமியின் காதில் விழுந்தது. 'மாதிரி' என்று அவள் சொன்ன வார்த்தை அங்கேயே உதிர்ந்து போயிருந்தது. அப்போது அவள் அதைக் கவனிக்கவில்லை. ஆள் வருகிறார்கள் என்கிற தெம்புதான் வந்தது.

அந்த ஆள் இப்போது கேட்டை விட்டுவிட்டுக் காருக்கும் கேட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். காருக்குள் இன்னும் எத்தனை பேர்? ஜன்னலிலிருந்து பார்த்தால் முன்கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசியது. மேலே போனால் தெரியும். வீட்டுக்குள்ளேயே மாடிப்படி. மேல் கதவு இரும்பு. ராஜலட்சுமி ஏறினாள். காய்கிற துணிகளுக்கு நடுவில் குனிந்து போய்க் கைப்பிடிச் சுவரின் மேல் தலையை நீட்டினாள்.

காரின் பின் கதவு திறந்திருந்தது. பின் சீட்டில் ஒரு பெண், தலை கலைந்து, அழுதுகொண்டு. அவள் மடியில் இரண்டு இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையின் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. ஒரு கொலுசு மட்டும் வெயிலில் மின்னி மின்னி மறைந்தது. வாயோரத்தில் நுரை. தாய் குழந்தையின் உள்ளங்கையில் சாவிக் கொத்தை வைத்து அமுக்கிப் பிடித்திருந்தாள்.

ராஜலட்சுமிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அவள் தம்பிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் ஏறினால் இப்படித்தான் வலிப்பு வரும். வீட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். அந்த ஆள் கேட்டது அவள் பிள்ளையை இல்லை. அவன் தன் பிள்ளைக்காகக் கதறிக்கொண்டிருக்கிறான்.

கேட்டைத் திறக்க வேண்டும் என்று கால் படிப்பக்கம் திரும்பியது. ஆனால் திறந்து என்ன செய்வது? உள்ளே மருந்தா இருக்கிறது, டாக்டரா இருக்கிறார்? நின்றாள். முதலில் குழந்தை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அடித் தொண்டையிலிருந்து கத்தினாள்.

"யம்மா! பிள்ளய ஒருக்களிச்சுப் போடுங்க! மல்லாத்தாதிய!"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். வார்த்தை புரியவில்லை. ராஜலட்சுமி கொடியிலிருந்து ஒரு போர்வையை உருவினாள். அதைச் சுருட்டிப் பிள்ளை மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி, சுவர் மேல் வைத்து, ஒருபக்கமாகத் திருப்பிக் காட்டினாள். தன் வாயைக் காட்டி, ஒன்றும் வைக்காதே என்று கையை ஆட்டினாள். அந்தத் தாய்க்குப் புரிந்தது. குழந்தையைச் சீட்டில் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்தினாள். வாயிலிருந்து எச்சில் வழிந்து வெளியே போயிற்று.

ராஜலட்சுமி நூற்றெட்டுக்குப் போன் அடித்தாள். விவரத்தையும் இடத்தையும் கேட்டுக்கொண்டு, வண்டி வர இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். உத்தனப்பள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காரிலேயே போனால் பத்து நிமிடம்கூட ஆகாது.

"உத்தனப்பள்ளி! ஆஸ்பத்திரி! உத்தனப்பள்ளிக்குப் போங்க!" என்று சாலைப் பக்கம் கையை நீட்டினாள்.

அந்த ஆள் ஆஸ்பத்திரி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டான். கும்பிட்டுவிட்டு ஓடிப் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். காரைத் திருப்பக்கூட இடம் போதாமல் முன்னும் பின்னுமாக இழுத்தான். அப்போதுதான் ராஜலட்சுமி பாதையின் மறுகோடியைப் பார்த்தாள்.

டிராக்டர் ஒன்று வந்துகொண்டிருந்தது. கோவிந்தப்பனின் தம்பி திம்மப்பன் ஓட்டி வந்தான். வீட்டுக்கு ஐம்பதடி இருக்கையில், பாதையை அடைத்துக் குறுக்கே நிறுத்திவிட்டான். அவனுக்குப் பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள். ஆறேழு ஆண்கள். தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுக்க நடுகிற கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"யாரோ நீனு? யாவூரு?" என்று திம்மப்பன் கன்னடத்திலேயே கத்திக்கொண்டு வந்தான். அவன் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் தண்ணி பட்ட பாடு. கேட்டானே தவிர, பதிலுக்கு நிற்கவில்லை. கதவைத் திறந்து அந்த ஆளைச் சட்டையோடு இழுத்து வெளியே போட்டான். ஒருவன் கன்னத்தில் ஓர் அறை விட்டான். இன்னொருவன் கம்பை ஓங்கிக் கார் விளக்கில் அடித்தான். கண்ணாடி சிதறியது. உள்ளேயிருந்த பெண் அலறினாள்.

"அடிக்காதிய! அண்ணே, அடிக்காதிய! அவிய பிள்ளைக்குத்தான் வலிப்பு!"

அவள் கத்தியது கீழே யாருக்கும் எட்டவில்லை. டிராக்டர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆளாளுக்குச் சத்தம். "புள்ளயத் தூக்க வந்தியாடா?" என்ற குரல் மட்டும் தெளிவாக மேலே வந்தது. அது அவள் வாயிலிருந்து புறப்பட்ட சொல். பத்து நிமிடத்துக்கு முன்னால் பயத்தில் அவள் சொன்ன சொல் இப்போது ஏழு பேர் கையில் கம்பாக நின்றது.

சுற்றிலும் பார்த்தாள். துணி துவைக்கத் தண்ணீர் பிடித்து வைத்த பெரிய அலுமினிய அண்டா மூலையில் இருந்தது. பாதிக்கு மேல் தண்ணீர். அதை எப்படித் தூக்கினாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கைப்பிடிச் சுவர் மேல் ஏற்றி, ஆளில்லாத இடமாகப் பார்த்து, கேட்டுக்கு முன்னாலிருந்த சிமெண்ட் தளத்தில் தள்ளிவிட்டாள்.

அது விழுந்த சத்தத்தில் தோட்டத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. தண்ணீர் ஆளுயரத்துக்குத் தெறித்தது. எல்லாரும் அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்!" என்றாள் ராஜலட்சுமி. குரல் உடைந்து கீச்சிட்டது. "திம்மப்பண்ணே, அவிய பிள்ள பிடிக்க வரல. ஆஸ்பத்திரி தேடி வந்திருக்காவ. பின் சீட்டுல பாருங்க. பிள்ளைக்கு வலிப்பு. பாருங்கண்ணே, மொதல்ல பாருங்க!"

திம்மப்பன் திரும்பிக் காருக்குள் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கையிலிருந்த கம்பு தானாக நழுவியது.

அதற்குள் காவேரி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். ஆண்களை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு காருக்குள் தலையை விட்டாள். அந்தப் பெண்ணிடம் கன்னடத்தில் நாலு வார்த்தை கேட்டாள். பிறகு நிமிர்ந்து மைத்துனனைப் பார்த்துப் போட்ட சத்தம் மொட்டை மாடி வரைக்கும் வந்தது.

"ஏம்ப்பா, கண்ணு அவிஞ்சா பூடுச்சி? ஜொரத்துல கொழந்தைக்கு இழுக்குது! டிராக்டர எடு! எடுடான்றேன்!"

திம்மப்பன் ஓடினான். டிராக்டர் ஒரு பக்கச் சக்கரம் தக்காளிப் பாத்தியில் இறங்க, செடிகள் நசுங்க, பின்வாங்கியது. அறை வாங்கியவனை இரண்டு பேர் எழுப்பி நிறுத்தினார்கள். வண்டி ஓட்டுகிற நிலையில் அவன் இல்லை. கொட்டகையில் தக்காளி வேன் ஓட்டுகிற மோகன்குமார் சாவியை வாங்கி, அவனைப் பக்கத்து சீட்டில் ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். காவேரி பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தது.

ராஜலட்சுமி படியிறங்கி வந்து அறைக் கதவைத் திறந்தாள். தர்ஷினி சொன்ன இடத்தைவிட்டு அசையாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டாவளாம்மா?"

"போயிட்டாவ. கெட்டவிய இல்ல, கண்ணு. அவிய பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல."

"அப்ப ஏன் நீ பயந்த?"

ராஜலட்சுமி அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிறகு நூற்றெட்டுக்குப் போன் செய்து, குழந்தையைக் காரிலேயே கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னாள். அதன் பிறகுதான் கிரில் கேட்டின் பூட்டைத் திறந்தாள்.

வெளியே திம்மப்பன் மட்டும் நின்றான். கீழே கிடந்த விளக்குக் கண்ணாடித் துண்டுகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"தண்ணி குடிக்கியளாண்ணே?"

"வேணாம்மா." நிமிராமலே சொன்னான். "எம் பொண்ணுக்கும் அதே வயசுதான். அந்தாளு எங்கிட்ட 'மகுகே ஹுஷாரில்லா'ன்னு மூணு தடவ சொன்னான். கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு. காதுல கேட்டுது. மண்டையில ஏறல."

"நான் சொன்னதாலதானண்ணே."

"நீ பயந்து சொன்ன. நீ மேல ஏறிப் பாத்த. நான் கிட்டயே நின்னுகினு பாக்கல."

அவன் கண்ணாடித் துண்டுகளை ஒரு காகிதத்தில் மடித்து டிராக்டர் பெட்டியில் போட்டான். போகாமல் வாசல் தண்ணீர்ப் பைப் மேட்டில் உட்கார்ந்துகொண்டான். அவள் வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அரை மணி ஆயிற்று. காவேரி எடுக்கவில்லை. மோகன்குமாரும் எடுக்கவில்லை. முக்கால் மணி ஆயிற்று. தன் தம்பியின் வலிப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாமே கொஞ்ச நேரத்தில் நின்றவைதான். ஆனால் இந்தக் குழந்தைக்கு எப்போது தொடங்கியதோ. டிராக்டர் மறித்த நேரத்தை மனதுக்குள் மறுபடி மறுபடி அளந்து பார்த்தாள். ஐந்து நிமிடம் இருக்குமா, அதற்கு மேலா? ஐந்து நிமிடத்தில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்று தோன்றியபோது போன் அடித்தது.

"ராஜி!" காவேரியின் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீல்வீல் என்று அழுதுகொண்டிருந்தது. "கேக்குதா? அழறது கேக்குதா ஒனக்கு?"

"கேக்குதுக்கா! கேக்குது!"

"நாங்க போறப்பவே இழுக்கறது நின்னுடுச்சி. டாக்டரம்மா ஜொரத்துக்கு மருந்து குடுத்து, ஈரத்துணியில தொடச்சி விட்டாங்க. இப்பக் கண்ணு முழிச்சி அழுவுது. பயமில்லன்னுட்டாங்க. எதுக்கும் ஒரு நா ஓசூர்ல பெரிய ஆஸ்பத்திரில வெச்சிப் பாருங்கன்னு எழுதிக் குடுத்துருக்காங்க. ஒருக்களிச்சிப் படுக்க வெச்சது யாருன்னு கேட்டாங்க. நல்ல வேல செஞ்சீங்கன்னு சொன்னாங்க."

ராஜலட்சுமி படியில் உட்கார்ந்துவிட்டாள். பைப் மேட்டிலிருந்து எழுந்து வந்த திம்மப்பனிடம், "பிழைச்சிடுச்சுண்ணே. அழுவுதாம்" என்றாள். அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். டிராக்டரை அங்கேயே விட்டுவிட்டு, கொட்டகையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு உத்தனப்பள்ளிக்குக் கிளம்பினான். கையில் ஆறு இளநீரோடு போய் அந்த ஆளின் முன்னால் நின்றான் என்றும், அவன் வீங்கிய கன்னத்தோடு ஒன்றை வாங்கிக் குடித்தான் என்றும், விளக்கை நானே மாற்றித் தருகிறேன் என்று இவன் அடம்பிடித்தான் என்றும் காவேரி பிறகு சொன்னாள்.

ஆறு மணிக்குச் சுடலைமுத்து வந்தான். கேட்டுக்கு முன்னால் நசுங்கிக் கிடந்த அண்டாவைப் பார்த்துவிட்டுப் பதறி உள்ளே ஓடி வந்தான். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் போனில் சொன்ன சொல்லையும் மறைக்கவில்லை. அவன் இடையிலேயே பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டான்.

"கேட்டத் தெறந்திருக்கணுமோங்க?" என்று கேட்டாள். "அவிய தவிச்சு நிக்கும்போது நான் பூட்டிக்கிட்டு உள்ள நின்னேன்."

"தெறந்து என்ன செஞ்சிருப்ப? யாருன்னு தெரியாம எப்படித் தெறப்ப? இன்னொரு நாள் வந்தாலும் நீ பூட்டித்தான் வைக்கணும்." கொஞ்சம் யோசித்தான். "போன்ல மட்டும், என்ன பாத்தியோ அதச் சொல்லு. காரு வந்திருக்கு, ஆளு கேட்ட உலுக்குதான், அம்புட்டுதான். மிச்சத்த வாறவிய வந்து பாத்துக்கிடட்டும்."

அவள் தலையாட்டினாள். அதையேதான் சாயங்காலம் முழுக்க அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்த வண்டி இந்த வீட்டைத் தேடி ஏன் வந்தது என்பதுதான் இருவருக்கும் விளங்கவில்லை. அதை வந்து அவிழ்த்தவர் கோவிந்தப்பன். இருட்டுகிற நேரத்துக்குக் காவேரியோடு வந்தார். மத்தூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பியவருக்கு, ஊர் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்திருந்தது.

"அவங்க ஆனேக்கல்லாம். ராயக்கோட்டையில சொந்தக்காரங்க வூட்டு விசேஷத்துக்குப் போயிகினு இருந்தாங்களாம். வழியில கொழந்தைக்கு இழுத்துக்கிச்சி. போன் மேப்புல கிட்ட இருக்கற கிளினிக் எதுன்னு தட்டியிருக்காங்க. அது நேரா இங்க கொண்டாந்து வுட்டுடுச்சி."

"நம்ம வீட்டுக்கா? ஏன் மாமா?"

கோவிந்தப்பன் கழுத்தைச் சொறிந்தார். "உங்களுக்கு முன்னாடி இங்க ஒரு டாக்டர் குடியிருந்தாரு. அவரு இந்த வூட்ட மேப்புல கிளினிக்குன்னு போட்டு வெச்சிட்டாரு போல."

"டாக்டரா? நீங்க சொல்லவே இல்லயே!"

"மாட்டு டாக்டரும்மா."

முதலில் காவேரிதான் சிரித்தாள். பிறகு சுடலைமுத்து. ராஜலட்சுமிக்குச் சிரிப்பு தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வர வர முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே தர்ஷினியும் சேர்ந்துகொண்டாள். சுடலைமுத்து அங்கேயே உட்கார்ந்து போனை நோண்டி, அந்த இடத்தில் கிளினிக் எதுவும் இல்லை என்று புகார் எழுதிப் போட்டான். நாளைக்கே சாலை முனையில் ஒரு பலகை வைத்துவிடுகிறேன் என்றார் கோவிந்தப்பன். தோசை சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று ராஜலட்சுமி சொன்னதற்கு, இன்னொரு நாள் என்று எழுந்துகொண்டார்கள்.

மாவைக் கரைத்துக் கல்லை அடுப்பில் வைத்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தாள். மறுமுனையில் பெண் குரல்.

"அக்கா, நானு ஷில்பா. கார்ல வந்தேனல்லா, மகு... காவேரி அக்கா நம்பர் கொட்ரு."

"சொல்லும்மா! பாப்பா எப்படி இருக்கு?"

"சென்னாகிதாளே அக்கா, நல்லாயிருக்கா. ஓசூர் ஆஸ்பத்திரி. நாளே வீட்டுக்கு." தெரிந்த தமிழையும் கன்னடத்தையும் கோத்துக் கோத்துப் பேசினாள். பின்னால் ஒரு மழலைக் குரல் எதையோ கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தது. "சான்வி பிஸ்கட் கேக்குது. மூணு தின்னுட்டா."

"குடும்மா. கேட்டதக் குடு. உங்க வீட்டுக்காரருக்குக் கன்னம் எப்படி இருக்கு? நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லும்மா."

"ஐயோ, பரவால்ல அக்கா. நாங்க கேட்ட உலுக்கினா யாருக்கும் பயம் வரும்." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "மேல நின்னு போர்வைல காட்டினீங்கல்லா. அது மறக்கமாட்டேன்."

இரண்டு பேருக்கும் பேச மொழி போதவில்லை. போனை வைக்கவும் மனசில்லை. பிறகு ஷில்பா கேட்டாள்.

"ஊட்டா ஆய்த்தா அக்கா?"

அப்போதுதான் ராஜலட்சுமிக்கு மத்தியானத்திலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது உறைத்தது. வயிறு பகபகவென்று எரிந்தது.

"இல்லம்மா," என்றாள் சிரித்துக்கொண்டே, கல்லில் எண்ணெய் தடவியபடி. "இனிமேத்தான்."